இறக்கம் பார்த்து நிறுத்திய லொறி

எந்த ஊருக்குப் போய் வாகனத்தை நிறுத்தினாலும் என் கண் முதலில் இறக்கத்தைத்தான் தேடும். மற்றவர்கள் நிழல் இருக்கிறதா, கடை பக்கமா, பொலிஸ்காரன் சத்தம் போடுவானா என்று பார்ப்பார்கள். நான் இந்த இடத்தில் தண்ணீரை ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்ப்பேன். என் மகனுக்கு இது பெரிய வெட்கக்கேடு. "சாவியத் திருப்புனா ஸ்டார்ட் ஆகுற வண்டிப்பா இது" என்பான். பழக்க தோஷம் என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். பழக்கம் மட்டும் இல்லை என்பதை அவனிடம் சொல்ல முடியாது. அவன் அம்மாவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். வட்டவளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் லொறி டிரைவர். எனக்கு இருபத்து நான்கு வயது. லொறிக்கு எத்தனை வயது என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் பயம். செல்ஃப் வேலை செய்யாது. முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றலாம்தான். ஆனால் அது திருப்பி அடிக்கும். எனக்கு முன்னால் இருந்த டிரைவர் அதில் மணிக்கட்டை முறித்துக்கொண்டு போனதால்தான் எனக்கு அந்த உத்தியோகமே கிடைத்தது. ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான்: மூக்கு கீழே பார்த்திருக்கும்படி இறக்கத்தில் நிறுத்துவது, கிளம்பும்போது உருளவிட்டு, இரண்டாவது கியரில் கிளச்சை விடுவது. அது நாலு தரம் இருமிவிட்டுக் கிளம்பும்.

கைப்பிரேக் பார்வைக்கு மட்டும். லொறியைப் பிடித்து வைத்தது ஒரு பலாக்கட்டை. தோட்டத்து ஆசாரியிடம் சொல்லி, ஒரு பக்கம் சில்லுக்கு, அதாவது சக்கரத்துக்கு, இசைவாகச் சரித்து, மேல்பக்கம் தட்டையாக இழைத்து வாங்கியிருந்தேன். அதை நான் பிள்ளை மாதிரி வைத்திருந்தேன். லொறி ஓடும் நேரமெல்லாம் என் சீட்டுக்கு அடியில்தான் அது படுக்கும்.

எங்கள் தோட்டத்துக்கு ஒரு புட்போல் கோஷ்டி இருந்தது. வேலை விட்டதும் பெரட்டுக்களத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் அதே மண்ணில், வெறுங்காலோடு உதைப்பார்கள். பக்கத்துத் தோட்டத்தோடு மெட்ச் என்றால் அட்டன் நகரத்து மைதானத்தில்தான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல். எங்கள் துரையும் பக்கத்துத் தோட்டத்துத் துரையும் ஆளுக்கொரு போத்தல் பந்தயம் கட்டுவார்கள் என்று பேச்சு. அதனால்தான் லொறி கிடைத்தது. "லொறியை விட்டு நகரக் கூடாது" என்ற உத்தரவும் கூடவே கிடைத்தது.

அந்த உத்தரவால் இரண்டு வருஷமாக நான் ஒரு மெட்ச்கூடப் பார்த்ததில்லை. அட்டனில் சமதரைக்கு எங்கே போவது என்று மற்ற டிரைவர்கள் அலைவார்கள். ஸ்டேஷன் முற்றம், சந்தைத் திடல், கோயில் வாசல் என்று நல்ல நல்ல இடமாகப் பிடிப்பார்கள். நான் சந்தைக்குப் பின்னால் இருந்த இறக்கத்துக்குப் போவேன். அங்கிருந்து மைதானம் தெரியாது. சத்தம் மட்டும் வரும். "ஓ" என்று நீளமாக வந்தால் பந்து வெளியே போய்விட்டது. குட்டையாக வெடித்தால் கோல். யார் போட்ட கோல் என்று ஆட்கள் திரும்பி வரும் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். காதால் புட்போல் பார்த்த மனிதன் இலங்கையில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் கோஷ்டியில் கோல் காத்தவனுக்கு ஒரு தங்கச்சி. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும் அறையில் வேலை. நான் பெட்டி ஏற்றப் போகும்போதெல்லாம் இமையில் தேயிலைத் தூசியோடு ஜன்னலில் வந்து நிற்பாள்.

"என்னங்க டிரைவரு, இன்னைக்கு உங்க லொறி நடந்து வந்துச்சா, தூக்கிட்டு வந்தீங்களா?"

இவ்வளவுதான் எங்கள் பேச்சு. இதற்கு என்ன பதில் சொல்வது என்று ரெயில்வே ஸ்டேஷன் வரை யோசிப்பேன். பெட்டியை இறக்கும்போது அருமையான பதில் ஒன்று தோன்றும். மறுநாள் அவள் வேறு கேள்வி கேட்பாள்.

நான் சொல்லப்போகும் மெட்சுக்கு முந்தின நாள், சனிக்கிழமை பொழுது சாயும் நேரம், பெரட்டுக்களத்தில் கூட்டம். அட்டனுக்கு எப்படிப் போவது என்பதுதான் பேச்சு. மலைக்குக் குறுக்கே நடந்தால் அட்டை கடித்தே பாதி ரத்தம் போய்விடும் என்றார் ஒருவர். ரெயிலில் போகலாம், ஆனால் அது போய்ச் சேரும்போது பாதி ஆட்டம் முடிந்திருக்கும். பஸ் கினிகத்தேனையிலேயே நிறைந்துவிடும், வட்டவளையில் கை காட்டினால் கண்டக்டர் பதிலுக்குக் கை காட்டிவிட்டுப் போவான்.

"அப்ப லொறிதான். டிரைவரு, கொண்டுபோய்ச் சேர்த்துருவீங்கள்ல?"

"கொண்டுபோய்ச் சேர்த்துருவேன். கொண்டாந்து சேர்க்கறது இறக்கம் கெடைக்கறதப் பொறுத்து" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்போது கோல் காப்பவன் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"அண்ணே, நாளைக்கு எங்கம்மாவும் தங்கச்சியும் வர்றாங்க. முன்னுக்கு உக்கார வச்சுக்கங்க. அடுத்த ஞாயித்துக்கெழம தங்கச்சிக்கு வரவே ஏலாது. பட்டிப்பொலயிலருந்து பொண்ணு பார்க்க வர்றாங்க. மாப்ள ரெயில்வே. குவாட்டர்ஸ், ரெயில் பாஸ் எல்லாம் இருக்காம்."

அன்று ராத்திரி லொறியோரமாக, சில்லுக்கு அடியில் இருந்த பலாக்கட்டையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். குவாட்டர்ஸ், பாஸ். அவனிடம் இருக்கும் ரெயில் அட்டவணைப்படி ஓடும், உருட்டிவிட வேண்டியதில்லை. என்னிடம் இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும். உங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு ஆள் அனுப்பலாமா என்று அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை. நாளை மெட்ச் முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும்.

மறுநாள் லொறிக்குள் முதல் தோல்வி. அம்மா எனக்கும் அவளுக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தார். நல்ல அகலமான மனுஷி. அட்டன் வரைக்கும் அந்தப் பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்தது கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை மட்டும். வளைவில் லொறி சாயும்போதெல்லாம் அந்தக் கை முன்பலகையைப் பிடிக்கும். எனக்குத் தெரிந்த வளைவுகளையெல்லாம் அன்று நான் கொஞ்சம் வேகமாகவே எடுத்தேன். பின்னால் நின்றவர்கள் என் பரம்பரையையே ஏசினார்கள்.

சந்தைக்குப் பின்னால் நிறுத்தினால் இரண்டு வருஷக் கதைதான். அட்டனுக்குள் நுழைந்ததும் ஆட்களை இறக்கிவிட்டு, தெருத் தெருவாக இறக்கம் தேடினேன். மைதானத்துக்கு மேல்பக்கம் ஒரு பங்களாவுக்குப் போகும் சின்ன ரோட்டு இருந்தது. நேராக மைதானத்தைப் பார்த்த இறக்கம். ஓரத்தில் புல்மேடு, பெண்கள் எல்லாம் அங்கேதான் கூடியிருந்தார்கள். இரண்டு வருஷமாக இது என் கண்ணில் படாததற்கு ஒரே காரணம், அதுவரை எனக்கு மைதானத்தில் யாரும் இருக்கவில்லை.

மூக்கைக் கீழே வைத்து நிறுத்தினேன். கட்டையை வைத்தேன். லொறியை விட்டு நகரவும் இல்லை, மெட்சும் தெரிகிறது, அம்மாவும் மகளும் ஐந்தடி தள்ளி நிற்கிறார்கள். துரையின் உத்தரவை இதைவிட அழகாக யாரும் நிறைவேற்றியிருக்க முடியாது.

நிற்கிறார்கள் என்றேன். அதுதான் வினை. காலையில் பெய்த மழையில் புல் சொதசொதவென்று இருந்தது. அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றார்.

"உக்கார ஒரு எடமில்லயே. இந்தக் காலோட எப்பிடி முழு ஆட்டமும் நிக்கிறது?"

எனக்குள் இருந்த மாப்பிள்ளை விழித்துக்கொண்டான். டிரைவர் தூங்கிவிட்டான். ரோட்டோரத்தில் கிடந்த கல் ஒன்றை உருட்டி வந்து சில்லுக்கு வைத்து, பலாக்கட்டையை உருவி, சட்டைப் பையிலிருந்த கைலேஞ்சியால் துடைத்து, புல்லில் போட்டேன்.

"உக்காருங்கம்மா."

உருட்டி வந்தேன் என்று எழுதினேன் அல்லவா? உருண்டு வந்த கல் உருண்டு போகவும் செய்யும் என்று அப்போது தோன்றவில்லை.

அம்மா உட்கார்ந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொறுப்பான புள்ள" என்று மகளிடம் சொன்னார். மகள் மைதானத்தைப் பார்த்தபடி சிரித்தாள். அந்தச் சிரிப்பை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் பக்கவாட்டில் இருந்து வரைய முடியும், நேரே பார்த்ததில்லை.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. என் வாழ்க்கையில் கண்ணால் பார்க்கும் முதல் மெட்ச், நான் ஒரு உதையைக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது அம்மாவே வாயைத் திறந்தார்.

"தம்பி, ஒங்க வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?"

வீட்டில் யார் யார் என்று ஒரு பெண்ணின் தாய் சும்மா கேட்பதில்லை. 

"அப்பா இல்லீங்க. அம்மாவும் மாமாவும் இருக்காங்க. அவங்கள ஒங்க வீட்டுக்கு ஒருநாளு..."

"டிரைவரு," என்றாள் அவள். அன்று முதல்முறையாக என் பக்கம் திரும்பியிருந்தாள். ஆனால் பார்த்தது என்னை இல்லை. "ஒங்க லொறி போகுது."

அவள் சொன்னது கேலி என்றுதான் முதலில் நினைத்தேன். லொறி உண்மையாகவே போய்க்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், யாரோ பெரிய மனிதர் உலாவப் போவது போல. நான் ஓடிப் பின்பலகையைப் பிடித்தேன். அது என்னையும் கூட்டிக்கொண்டு போனது. வேலியைச் சாய்த்து, மைதானத்துக்குள் இறங்கி, எங்கள் கோல் கம்பத்தை நோக்கிச் சென்றது. ஜனங்கள் இரண்டாகப் பிரிந்து வழி விட்டார்கள்.

கோல் காத்தவன் திரும்பிப் பார்த்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. முன்னால் பந்து வந்தது, பின்னால் லொறி வந்தது. எதைப் பிடிப்பது? அவன் லொறியைப் பார்த்துக் கையை நீட்டினான். பந்து அவனுக்கு அந்தப் பக்கமாக உள்ளே போனது. லொறி சேற்றில் புதைந்து, கம்பத்துக்கு இரண்டு முழம் தள்ளி நின்றது. ரெஃபரி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கோல் என்று ஊதினார். லொறியைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லையாம்.

ஒன்றுக்குப் பூஜ்யம். தோற்றோம்.

சமதரையில், சேற்றில் நிற்கும் என் லொறி இனி லொறி இல்லை, இரும்பு. பத்துப் பதினைந்து பேர் தள்ளிப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு சேரச் சாயங்கால ரெயிலைத் தவிர வேறு வழி இல்லை என்று ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் போகிற போக்கில் எனக்கு ஒவ்வொரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் ஓடினார்கள்.  அம்மா பொறுப்பான புள்ளையை ஒருதரம் பார்த்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அவள் கடைசியாகப் போனாள். இடுப்பில் குடம் வைப்பது போல என் கட்டையை வைத்திருந்தாள். வேலியருகில் நின்று அதைத் தூக்கிக் காட்டினாள்.

"இது வேணாமா?"

முழங்கால் சேற்றில் நின்றபடி சொன்னேன்: "இனிமே லொறி எங்க ஓடப்போகுது? வழியில அம்மாவுக்கு உக்கார வேணும். கொண்டு போங்க."

"நாளைக்கு ஸ்டோருல தர்றேன்" என்றாள். சிரிக்கவில்லை. எப்போதும் கேலி செய்கிறவள் அன்று ஒன்றும் கேலி செய்யாமல் போனாள். மைதானத்தில் நின்றபடியே ரெயில் புறப்படும் சத்தத்தைக் கேட்டேன். காதால் பார்க்கும் வேலை எனக்குப் பழகியதுதானே.

அவள் சொன்ன அந்த நாளைக்கு நான் ஸ்டோருக்குப் போகவில்லை. துரை என்னை வண்டியிலிருந்து இறக்கி, மேல் டிவிஷனில் மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்டப் போட்டுவிட்டார். போத்தல் போன கோபம். மூன்று மாதம். லொறி வேலையைத் தொலைத்தவன் எந்த முகத்தோடு பெண் கேட்டு ஆள் அனுப்புவான்? தைரியம் வரட்டும் என்று காத்திருந்தேன். அது வருவதற்குள் பட்டிப்பொலக்காரர்கள் வந்து, வெற்றிலை மாற்றி, கலியாணமும் முடிந்துவிட்டது. நான் திரும்ப லொறியில் ஏறி ஸ்டோருக்குப் போனபோது ஜன்னலில் வேறு யாரோ இருந்தார்கள். கட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. ஆசாரியிடம் புதிதாக ஒன்று செய்து வாங்கினேன். மேல்பக்கம் உருண்டையாக, உட்கார முடியாதபடி.

சில வருஷம் கழித்து, அட்டனில் ஒரு தேத்தண்ணிக் கடையில் அவள் அண்ணனைப் பார்த்தேன். அந்தக் கோலை எனக்கு மன்னித்திருந்தான். ஊர்ப்பட்ட கதை பேசிவிட்டு, எழும்பும்போது சொன்னான்:

"அண்ணே, ஒங்க கட்டை தங்கச்சி வீட்டுலதான் இருக்கு. பட்டிப்பொலயில என்னா குளிரு. தரையில உக்கார ஏலாது. அடுப்பு முன்னுக்கு அதத்தான் போட்டு உக்காருது. மச்சான் வெறகுக்குப் பொளக்கப் பார்த்தாரு. குடுக்க மாட்டேன்னுருச்சு."

"நல்ல பலா" என்றேன். வேறு என்ன சொல்வது என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒருமுறை பதுளைக்குப் போகும்போது ரெயில் பட்டிப்பொலையில் நின்றது. மூடுபனி. ரெயில்வே குவாட்டர்ஸ் வரிசையாக, எல்லாக் கூரையிலும் புகை. எது அவள் வீடு என்று தெரியவில்லை. இறங்கிக் கேட்கவும் இல்லை. ஏதோ ஒரு புகைக்குக் கீழே, ஒரு அடுப்பின் முன்னால், என் கட்டை நகராமல் இருந்தது. அது செய்யத் தெரிந்த ஒரே வேலை அதுதான். நான்தான் அதைத் தவறான இடத்திலிருந்து உருவிவிட்டேன். பிறகு ரெயில் கிளம்பியது, யாரும் உருட்டிவிடாமலே.

போன வாரம்கூட மகனின் காரை இறக்கத்தில் நிறுத்திவிட்டு, சில்லுக்கு அடியில் கல் வைத்தேன். சப்பையான கல்லாகப் பார்த்து.