இங்கிலாந்துக்குச் சமமாகக் கை தூக்கினோம்

யுத்தத்துக்குச் சற்று முந்தி, லண்டனிலிருந்து ஒரு துரை எங்கள் மதுரை மில்லுக்கு வந்தார். எந்த நாட்டில் தொழிற்சங்கம் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறாராம். சங்கத்தில் இருப்பவர்கள் கை தூக்குங்கள் என்று மில் வாசலில் வைத்துக் கேட்டார். முதலாளியின் கண்ணும் காதுமான மேஸ்திரியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேட்கிற கேள்வியா இது? படித்த மடையன்.

எங்கள் கூட்டம் அதற்கும் மேல். "அவன் ஊரை விட நாம என்ன கொறச்சலா? அம்புட்டுப் பேரும் தூக்குங்கடா!" என்று ஒருவன் கத்தினான். சங்கத்தில் சேராதவர்களும் ரோஷத்தில் தூக்கினார்கள். நானும்தான். சங்கத்துப் பக்கமே தலைகாட்டாத விளாங்குடிக்காரன் ஒருவன், கூட்டம் பெரிதாகத் தெரியட்டும் என்று இரண்டு கையையும் தூக்கினான். இங்கிலாந்துக்குச் சமம் என்று மெச்சிவிட்டுத் துரை ரயிலேறினார்.

மறுநாள் காலை, கை தூக்கிய அத்தனை பேரையும் மேஸ்திரி வாசலிலேயே மறித்து வேலையில்லை என்றார். விளாங்குடிக்காரன், "நான் சங்கத்துலயே இல்லண்ணே" என்று அவர் காலில் விழுந்தான்.

மேஸ்திரி சிரித்தார். "ஒரு கை தூக்குனவனுக்கு ஒரு வேலை போச்சு. நீ ரெண்டு தூக்குனியே மாப்ள. உள்ள வேலை பாக்குற உன் தம்பியையும் கூட்டிக்கிட்டுப் போ."