மூணாம் கவுண்டர் அக்காவின் விண்ணப்பம்

"உங்க அக்கா இதுவரைக்கும் பொதுமக்களுக்கு என்ன செஞ்சிருக்காங்க?"

தொலைபேசியில் ஒரு அம்மா இப்படிக் கேட்டார்.

"வேலைக்குப் போவா, வருவா. வந்ததும் ஃபேனுக்குக் கீழ படுத்துக்குவா" என்றேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. கல்வி உதவித்தொகை அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார். பொதுப்பணிக்கு வர விரும்பும் பட்டதாரிகளுக்கு இரண்டு வருட மேற்படிப்புச் செலவு முழுவதையும் தரும் உதவித்தொகை அது. அக்கா விண்ணப்பித்திருந்தாள். அதில் 'பொதுச் சேவை அனுபவம்' என்ற பெரிய கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கிறாளாம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நிரப்பித் தராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

அன்று வியாழன். அடுத்த வருடம் அக்காவுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் வேறு வாய்ப்பு கிடையாது.

அக்காவுக்குப் பிறப்பு, இறப்புச் சான்றிதழ் தரும் அலுவலகத்தில் வேலை. ஐந்து வருடமாக மூன்றாம் கவுண்டர். வேலை நேரத்தில் கைபேசியை மேசை இழுப்பறைக்குள் பூட்டி வைத்துவிடுவாள். நானோ பள்ளியை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டை அளந்துகொண்டிருந்தவள். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிப்போய்ப் பேருந்து பிடித்தேன்.

நீளமான கூடம், நான்கு கண்ணாடி ஜன்னல்கள், ஆடினாலும் நகராத இரும்பு நாற்காலிகள். நேராக மூன்றாம் ஜன்னலுக்குப் போனேன்.

"ஏம்மா, நாங்கல்லாம் வேடிக்கை பாக்கவா நிக்கிறோம்?" என்றார் வரிசையில் முதலில் நின்றவர்.

"என் அக்காங்க அவங்க."

"எங்களுக்கும் அக்காதான். பின்னாடி போ."

போனேன். முக்கால் மணி நேரம் கழித்து என் முறை வந்தது.

"ஏன்க்கா கோடு போட்ட?"

"கட்டத்தைக் காலியா விடக் கூடாது. சொல்ல ஒண்ணும் இல்லைன்னா கோடு போடணும். தினம் நூறு பேருக்கு இதைத்தானே சொல்றேன்."

"உனக்குச் சொல்ல ஒண்ணுமே இல்லையா?"

"சம்பளம் வாங்கிட்டு வேலை பாக்கறேன். அது எப்படிடி சேவையாகும்? சேவைன்னா ரத்தம் குடுக்கணும், மரம் நடணும். நகரு, அடுத்தவங்க நிக்கிறாங்க."

எனக்கு எரிச்சல். வாசலில் போய் நின்றேன். அங்கே ஒரு மேசை. அதன் மேல் பூர்த்தி செய்த மூன்று மாதிரிப் படிவங்களை ஒட்டியிருந்தார்கள். சுவரில் ஒரு தாள்: எந்தச் சான்றிதழுக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று, குண்டு குண்டான எழுத்தில். அக்காவின் கையெழுத்து!

"இது எப்ப வந்ததுண்ணே?" என்று காவலாளியைக் கேட்டேன்.

"ரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடி ஜனங்க ரெண்டு மணி நேரம் வரிசைல நிப்பாங்க. ஜன்னலுக்குப் போனப்புறம்தான் 'ஆஸ்பத்திரிச் சீட்டு எங்க?'ன்னு கேப்பாங்க. இல்லைன்னா திரும்பிப் போகணும். போற வழியில என்னைத் திட்டிட்டுப் போவாங்க. வகை வகையாத் திட்டுவாங்கம்மா! மூணாம் கவுண்டர் இதை ஒட்டுச்சு. இப்ப என்னைத் திட்ட ஆளே இல்லை. பொழுதே போகல."

அதை அப்படியே என் கையில் இருந்த பேருந்துச் சீட்டின் பின்னால் எழுதினேன். இடம் போதாமல் உள்ளங்கையிலும் எழுதினேன். தேநீர் இடைவேளையில் அக்காவிடம் கையை நீட்டினேன்.

"வாட்ச்மேன் அண்ணன் சொல்றதையெல்லாம் விண்ணப்பத்துல எழுதுவாங்களா?"

"பின்ன யார் சொல்றதை எழுதுவாங்க? இங்க வர்ற அத்தனை பேரையும் பாக்கறவர் அவர்தானே?"

அக்கா தேநீரைக் கீழே வைத்தாள். பிறகு, திருப்பி அனுப்பிய மனுக்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டை எடுத்தாள். தாள் ஒட்டுவதற்கு முந்தைய மாதம் ஒரு நாளைக்கு நாற்பது பேர்வரை வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். இப்போது ஆறு, ஏழு பேர்.

"நான்கூட கவனிக்கலடி" என்றாள்.

அன்று மாலை வீட்டில் எழுதினோம். நான் 'மாபெரும் சீர்திருத்தம்' என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டாள். "ஒரு தாள் ஒட்டினேன். ஒட்டினேன்னு எழுது." துணி தைத்துக்கொண்டே எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "ரெண்டு பேரும் சண்டை போட்டதையும் சேத்துக்குங்க, பக்கம் நிறையும்" என்றாள். மறுநாள் நாலே கால் மணிக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து நேர்காணல். திரும்பி வந்த அக்காவின் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்ன கேட்டாங்க?"

"பொழுது போகாத அந்தக் காவலாளி இப்ப என்ன பண்றார்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"எழுதத் தெரியாதவங்களுக்குப் படிவம் நிரப்பிக் குடுக்கறார்னு சொன்னேன். அரை மணி நேரம் அதைப் பத்தியேதான் பேச்சு."

உதவித்தொகை கிடைத்துவிட்டது. அக்கா இப்போது வேறு ஊரில் பொது நிர்வாகம் படிக்கிறாள். வேலையிலிருந்து வந்ததும் நேரே ஃபேனைப் பார்த்து நடந்தவள், இப்போது விடுமுறைக்கு வந்தால் பேசிக்கொண்டே இருக்கிறாள். தூங்க வேண்டியிருப்பது எங்களுக்குத்தான்.

இந்த வருடத்துக்கான விண்ணப்பங்களை வாங்கத் தொடங்கிவிட்டார்கள். உங்களுக்குத் தெரிந்த பட்டதாரி யாராவது ஏதோ ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, வெறும் வேலைதானே பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கேட்க நேரமில்லை என்பார்கள். வரிசையில் நின்றாவது சொல்லிவிட்டு வாருங்கள்.