துடியலூர் தாண்டிய கார்

சாவு வீட்டில் நின்றுகொண்டு யாராவது வாட்ச் பார்ப்பார்களா? நான் பார்த்தேன், பத்து தடவை. பார்கின்சன் நோய் வந்து இறந்த அந்தக் காரமடைக்காரர், தன் மூளையை எங்கள் லேபுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். சில மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் ஆராய்ச்சிக்கு ஆகாது.

"புள்ள துடியலூர் தாண்டிட்டாளாமுங்க தம்பி. அப்பன முழுசா ஒருக்கா பாத்துரட்டுமுங்க," என்றார் அவர் மனைவி.

எனக்கோ போஸ்ட்டாக் ஆராய்ச்சி வேலை முடிய ஆறு மாசம்தான் பாக்கி. "லேட்டானா வேஸ்ட்டாயிருமுங்க," என்று சொல்லித் தொலைத்தேன்.

வீடே என்னை முறைத்தது. அந்த அம்மா எழுந்து வழிவிட்டார். "அவரு வேஸ்ட்டாகக் கூடாதுங்க. கொண்டு போங்க."

உடலை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். தெருமுனையில் எதிரே வந்த காரிலிருந்து மகள் கையை ஆட்டிக் கத்தினாள். ஆம்புலன்ஸை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு மாசமாகிறது. அந்த மூளை எங்கள் ஃப்ரீசரில் இருக்கிறது. நான் இன்னும் தொடவில்லை.