புறாமலையில் கேட்ட கேள்வி

கடலடியைப் பார்ப்பதற்கான கண்ணாடியை நான் நீட்டியபோது அவர் என் முகத்தைப் பார்த்தார். என்னைத் தெரிந்துகொண்டார் என்பது அவர் கண்ணிலேயே தெரிந்தது. ஆனால் கண்ணாடியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கழுவினதோ?" என்று யாரோ ஒருவனிடம் கேட்பதுபோலக் கேட்டார். எங்கள் வீட்டு விறாந்தையில் கதிரை போட்டு இருந்து, என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்த மனிதர் அவர். அத்தான் என்று அழைக்க நான் பழகியிருந்தேன்.

என் அக்காவுக்கும் அவருக்கும் கலியாணம் பேசி முடிந்திருந்தது. நாள் வைக்கப்போகும் நேரத்தில் கொழும்பில் அவருக்குப் பெரிய இடத்துச் சம்பந்தமொன்று வாய்த்தது. அதைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் நாங்கள் நாலு நாள் ஏசிவிட்டு மறந்திருப்போம். ஆனால் அவருக்கு நல்லவராகவே விலகவேண்டியிருந்தது. அந்த வருடம் கோயில் தேரன்று, விரதத்தோடு வெயிலில் நின்ற அக்கா மயங்கி விழுந்தாள். அதைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பிள்ளைக்கு வலிப்பு. மறைச்சுக் கட்டிவைக்கப் பாத்தவை" என்று ஊரெல்லாம் சொன்னார். எங்களுக்காக இரக்கப்படுகிற குரலில் சொன்னார் என்றும் கேள்விப்பட்டோம். அதன்பிறகு எங்கள் படலையைத் திறந்துகொண்டு ஒருவரும் பெண் கேட்டு வரவில்லை. அம்மா கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

எழுபதுகளின் பின்பாதியில் உப்புவெளிக் கடற்கரையில் இருந்த ஓர் உல்லாச விடுதியில் எனக்கு வேலை கிடைத்தது. வாடைக்காற்று ஓய்ந்து கடல் படிந்த மாதங்களில் விருந்தாளிகளை வள்ளத்தில் ஏற்றிப் பகல் முழுக்கச் சுற்றிக் காட்டுவோம். முதலில் துறைமுக வாயில், பிறகு கோணமலையின் அடிவாரம், அங்கிருந்து வடக்கே திரும்பிப் புறாமலைத் தீவு. அங்கே முருகைக்கற்கள் என்னும் பவளப்பாறைகளுக்கு மேலே முகங்குப்புற மிதந்து, வாயில் கவ்விய குழாயால் மூச்சு விட்டபடி மீன் பார்க்கலாம். கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் அண்ணர் ஒருவர், நானா என்போம், வள்ளம் ஓட்டுவார். கண்ணாடி கொடுப்பதும் தண்ணீரில் இறக்குவதும் என் வேலை.

அன்றைக்கு அந்த வள்ளத்தில் அவரும், அவருடைய மனைவியும், மனைவியின் தாய் தகப்பனும் இருந்தார்கள். வழியெல்லாம் அவர்தான் கதைத்தார். "மாமா, இந்தக் கடல் எனக்கு வீட்டு முத்தம் மாதிரி. நான் நீந்தாத இடமில்லை" என்றார். கணுக்காலுக்கு மேல் அலை வந்தால் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் என்று அக்கா ஒருகாலத்தில் சிரித்துச் சிரித்துச் சொன்னது எனக்கு நினைவிருந்தது.

தீவின் கரையோரம் நங்கூரம் போட்டோம். மாமனார் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் இறங்காமல் இருக்க முடியவில்லை. ஏணியில் இறங்கி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார். குழாய்க்குள் தண்ணீர் போயிருக்கவேண்டும். புரைக்கேறி, கையையும் காலையும் அடித்து, வள்ளத்தின் விளிம்பை ஒரு கையால் பிடித்துத் தொங்கினார். நான் குனிந்து அவருடைய மணிக்கட்டை இறுகப் பிடித்தேன். தூக்கவில்லை.

"தூக்கு தம்பி, தூக்கு! தாழப்போறன்!"

"தூக்கிறன். ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. என்ர அக்காவுக்கு வலிப்பு இருந்ததோ?"

"இப்ப என்ன கதை இது!"

"இருந்ததோ, இல்லையோ?"

பின்னால் நானா, "தம்பி, காணும், தூக்கு" என்றார். நான் திரும்பவில்லை.

"இல்லை! ஒண்டுமில்லை! நான்தான் பொய் சொன்னனான். தூக்கடா!"

அதை அவருடைய மனைவி கேட்டாள். மாமியார் கேட்டார். குடையைப் பிடித்துக்கொண்டிருந்த மாமனாரும் கேட்டார். நான் மணிக்கட்டை விட்டேன்.

"அத்தான், காலைக் கீழ ஊண்டுங்கோ."

ஊன்றினார். தண்ணீர் அவருடைய நெஞ்சுக்கு நின்றது.

ஒருவரும் சிரிக்கவில்லை. மூக்கு ஒழுக, நெற்றியில் கண்ணாடியோடு அவர் அந்தத் தெளிந்த தண்ணீரில் நின்றார். காலடியில் சின்ன நீல மீன்கள் ஓடிக்கொண்டிருந்தன. திரும்பி வரும்போது அவருடைய மனைவி எழுந்துபோய் வள்ளத்தின் முன்பக்கத்தில் தனியே இருந்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பேசாம இருங்கோ" என்றாள்.

வீட்டுக்கு வந்து, அக்கா சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் நின்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது. "என்னைக் கேட்டனியே? ஆரைக் கேட்டு என்ர கதையைக் கடலில கொண்டுபோய்க் கதைச்சனி?" என்றாள். பிறகு, "தண்ணி எவ்வளவுக்கு நிண்டது?" என்று கேட்டாள்.

"நெஞ்சுக்கு."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டப் போனேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவருடைய மாமியார் விடுதியில் தங்கியிருந்தபோதே எங்கள் ஊரிலிருந்த சொந்தக்காரர் வீடுகளில் இதைச் சொல்லிவிட்டார். பொய் பரவியதைப்போலவே உண்மையும் பரவியது. பெண் கேட்டு ஆட்கள் மறுபடியும் வந்தார்கள். எல்லாரையும் அக்கா உள்ளே கூப்பிட்டாள், தேத்தண்ணி கொடுத்தாள், ஏலாது என்று சொல்லி அனுப்பினாள். "பொய்யைக் கேட்டு வராம நிண்டவை, உண்மையைக் கேட்டு ஏன் வருகினம்?" என்றாள். என்னுடையதைவிட, ஊரிடம் அவள் எடுத்த பழி பெரிது. அதன் பாரத்தைத் தன் தலையிலும் சுமந்து, கலியாணம் செய்யாமலே இருந்தாள். தபால் கந்தோரில் வேலைக்குப் போனாள், தன் உழைப்பில் தன் விருப்பப்படி இருந்தாள்.

இப்போது எனக்குத் தலை நரைத்துவிட்டது. வயது போனால் கோபம் ஆறும் என்பார்கள். எனக்கு ஆறவில்லை, ஆறவேண்டும் என்ற ஆசையும் இல்லை. சென்ற ஆண்டு ஒரு கலியாண வீட்டில் அவரைக் கண்டேன். தடியூன்றி நடந்து வந்தவர், என்னைக் கண்டதும் வந்த வழியே திரும்பினார். அன்றைய நாளை நினைத்து நான் வருந்துவதெல்லாம் ஒன்றுக்குத்தான். காலை ஊன்றச் சொன்னதை இன்னும் கொஞ்சம் பிந்திச் சொல்லியிருக்கலாம்.