ஆண் கொசு கடிக்காது

என் கணவர் டெங்குக் காய்ச்சலில் இறந்துபோன மழைக்காலத்தில், ஐந்து கோடி வருடத்துக்கும் மேல் பழைய ஒரு பூச்சியின் வயிற்றில் நோய்க்கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. இதைச் சொன்னால் சிலர் விதி என்பார்கள். எனக்கு அப்படி எதுவும் தோன்றியதில்லை. புனேயில் அந்த வருடம் பலருக்கு டெங்கு வந்தது, அவருக்கும் வந்தது.

குஜராத்தில் பழுப்பு நிலக்கரி வெட்டும் சுரங்கங்களில் அம்பர் கிடைக்கும். ஏதோ ஒரு காலத்து மரங்களில் வடிந்த பிசின், மண்ணுக்கடியில் கிடந்து இறுகிப்போனது. சில துண்டுகளுக்குள் எறும்போ ஈயோ அப்படியே மாட்டியிருக்கும். இரத்தம் குடிக்கிற பூச்சி அகப்பட்டால் நாங்கள் துண்டை நீரில் நனைத்து, மெல்லிய உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து, பூச்சியின் வயிறு தெளிவாகத் தெரியும்வரை கொண்டுவருவோம். உள்ளே ஒட்டுண்ணி தெரிந்தால், அந்த நோய் எவ்வளவு காலமாக இந்த மண்ணில் இருக்கிறது என்று ஓரளவு சொல்லலாம். என்னோடு வேலை செய்தவள் சாத்தாராவிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி. நாங்கள் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசிக்கொள்வோம்.

வீடு புனேயின் ஹடப்சர் பகுதியில். கணவருக்கு அங்கேயே ஒரு ஐ.டி. நிறுவனத்தில் வேலை. மாமனார் தவறிய பிறகு திருநெல்வேலியை விட்டு வந்த அத்தையும், அதாவது கணவரின் அம்மாவும், எங்களோடு இருந்தார். நாங்கள் மூன்று பேர்தான்.

காய்ச்சல் அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றார். பரிசோதனையில் டெங்கு என்று வந்ததும் மருத்துவமனையில் சேர்த்தோம். சில நாளில் காய்ச்சல் விட்டது. அத்தை வீட்டில் விளக்கேற்றினார். கணவர் மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, “நாளைக்கு லேப்டாப்ப எடுத்துட்டு வந்திரு, மெயில் குவிஞ்சு கெடக்கும்” என்றார்.

டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் சிலருக்கு ஆபத்து தொடங்குகிறது. அது எனக்குத் தெரியும். மருத்துவருக்கும் தெரியும். அதற்காகத்தான் வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்தார்கள். செய்ய வேண்டியதை எல்லாரும் செய்தார்கள். மறுநாள் காலை கணவர் வயிறு வலிக்கிறது என்றார், கை கால் சில்லிட்டது, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அதற்கு அடுத்த நாள் மத்தியானம் மருத்துவர் என்னை ஓர் அறைக்குள் அழைத்து உட்காரச் சொன்னார். அவர் இந்தியில் பேசினார். நான் அவருடைய சட்டைப் பையில் இருந்த பேனாவின் மூடி உடைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேசி முடித்ததும் “டீக் ஹை” என்றேன். சரி என்று சொல்லக்கூடிய செய்தியா அது? அப்படித்தான் வாயில் வந்தது.

காரியங்கள் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகு நான் வேலைக்குப் போனேன். எல்லாரும் இன்னும் கொஞ்ச நாள் கழித்து வரச் சொன்னார்கள். வீட்டில் இருந்து என்ன செய்வதென்று தெரியவில்லை. முதல் நாளே மாணவி ஒரு துண்டைக் கொண்டுவந்தாள். தயங்கித் தயங்கி, “மேடம், இப்ப பாக்குறீங்களா? இல்ல அப்புறமா?” என்றாள்.

மணல் ஈ. காலா அசார் என்கிற கருங்காய்ச்சலைப் பரப்புகிற இனத்தின் மூதாதை. பெண். வயிறு உப்பியிருந்தது, இரத்தம் குடித்துவிட்டுப் போய்ப் பிசினில் ஒட்டிக்கொண்டது போல. வயிற்றுக்குள் நீளநீளமாகச் சில துகள்கள் தெரிந்தன.

“வால் மாதிரி இருக்குல்ல மேடம்?” என்றாள் மாணவி.

இருந்தது. கருங்காய்ச்சல் ஒட்டுண்ணிக்கும் அப்படி ஒரு வால் உண்டு. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று நான் காத்திருந்தேன். சந்தோஷம் வருகிறதா என்று உள்ளே தேடினேன். பசி இருக்கிறதா என்று வயிற்றைத் தடவிப் பார்ப்பது போல. ஒன்றும் இல்லை. “இன்னும் கொஞ்சம் தேய்க்கணும்” என்று துண்டை வாங்கிக்கொண்டேன். ஒரு தேய்ப்பு அதிகமாகப் போனால் வயிறு போய்விடும். என் கை துளியும் நடுங்கவில்லை. முன்பெல்லாம் அந்த இடத்தில் எனக்கு வியர்க்கும்.

வீட்டில் அத்தை அழுது நான் பார்க்கவில்லை. அவருக்கு ஒரே கேள்விதான் இருந்தது. எங்கே கடித்திருக்கும்? மாநகராட்சியிலிருந்து ஒருவர் தேங்கிய தண்ணீர் பார்க்க வந்தபோது அத்தை அவர் பின்னாலேயே போய், பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு, ஏர்கூலர் என்று ஒவ்வொன்றையும் தானே திறந்து காட்டினார். எங்கும் கொசுப்புழு இல்லை. மொட்டை மாடித் தொட்டியிலும் இல்லை.

“குச் நஹீ மிலா, மாஜி” என்றார் அவர். ஒன்றும் கிடைக்கவில்லை என்றது அத்தைக்குப் புரிந்தது. ஆனால் ஏமாந்துபோனவர் மாதிரி நின்றார். புழு கிடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்குமோ என்னவோ.

“ஆபீஸ்லயா கடிச்சிருக்கும்?” என்று சாப்பிடும்போது கேட்டார்.

“இருக்கலாம் அத்தை.”

“டீக்கடையில நிப்பான்லா, அங்கயா?”

“இருக்கலாம்.”

“எல்லாத்துக்கும் இருக்கலாம்னா எப்படிம்மா? நீ இதத்தான படிச்சிருக்க?”

நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

மழை ஓயும் சமயம், ஒரு நாள் காலையில் நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அத்தை ஒரு கற்பூர டப்பாவை நீட்டினார். திறந்து பார்த்தேன். பஞ்சின் மேல் ஒரு செத்த கொசு.

“ஜன்னல் ஓரத்துல கெடந்துது. காலுல வெள்ள வரி இருக்கு பாரு. ஆசுபத்திரி சுவத்துல படம் ஒட்டியிருந்தாம்லா, அதே மாதிரி. கொண்டு போயி அந்த மிஷின்ல வச்சுப் பாரு.”

“என்ன பாக்கணும் அத்தை?”

“இதுவான்னு பாரு.”

கொசு அத்தனை நாள் உயிரோடு இருக்காது என்று சொன்னேன். டெங்குக் கிருமி மிகமிகச் சிறியது, என்னிடம் இருக்கிற நுண்ணோக்கியில் தெரியாது என்றும் சொன்னேன். நான் பார்ப்பது வேறு வகைக் கிருமி, உருவத்தில் பெரியது என்று விளக்கினேன். அத்தை முழுவதையும் கேட்டார்.

“அஞ்சு கோடி வருசத்துக்கு முந்தினது தெரியும், போன மாசத்தது தெரியாதோ?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். டப்பாவைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் போகும்போது தூக்கிப் போட்டுவிட்டு, பார்த்தேன், ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம் என நினைத்தேன். போடவில்லை. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அதை எடுத்து நுண்ணோக்கியின் கண்ணாடித் தகட்டில் வைத்தேன். அத்தை சொன்னது சரி, டெங்குவைப் பரப்புகிற வரிக் கொசுதான். ஆனால் உணர்கொம்புகள் இரண்டும் இறகு மாதிரி அடர்ந்திருந்தன. ஆண். ஆண் கொசு இரத்தம் குடிக்காது, பூவிலும் செடியிலும் கிடைக்கிற சாறுதான் அதற்குச் சாப்பாடு. முதல் வருட மாணவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். ஆனாலும் அன்று அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாணவி சாப்பிட்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். கொஞ்சம் நின்றுவிட்டுத் தன் மேசைக்குப் போனாள்.

சாயங்காலம் அத்தையிடம் சொன்னேன். “அதே சாதிதான் அத்தை. ஆனா ஆண். ஆண் கொசு கடிக்காது.”

அத்தை டப்பாவை வாங்கித் திறந்தார்.

“கடிக்கவே கடிக்காதா?”

“கடிக்காது.”

“அப்ப பாவம்” என்றார். பிறகு பால்கனிக்குப் போய், துளசித் தொட்டி மண்ணில் அதைக் கொட்டிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எங்கே கடித்திருக்கும் என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்ததா என்றால், அதுவும் தெரியவில்லை.

மணல் ஈயை வேறொரு ஊர் ஆய்வகத்துக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்தோம். துகள்கள் வயிற்றுக்குள்ளேதான் இருந்தன, ஆனால் உருவம் முழுதாகத் துலங்கவில்லை. கட்டுரையில் ‘ஒட்டுண்ணியாக இருக்கக்கூடும்’ என்று எழுதினேன். மாணவிக்கு முகம் வாடிவிட்டது. “ஒட்டுண்ணிதான்னு எழுதக் கூடாதா மேடம்? உங்களுக்கே தெரியுதே” என்றாள்.

“தோணுது. தெரியல” என்றேன். அடுத்த கோடையில் கட்டுரை வெளிவந்தது. ஒரு பத்திரிகைக்காரர் தொலைபேசியில் அழைத்து, அந்தப் பூச்சி யாரைக் கொன்றது என்று கேட்டார். எந்தப் பிராணியின் இரத்தம் என்றே தெரியாது என்றேன். அவருக்கு அது போதவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

மறு மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. அத்தை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். புடவையை மாற்றிக்கொண்டு, கீழே போய் ஆட்டோ பிடித்து வந்தார். தமிழைத் தவிர அவருக்குத் தெரிந்தது காய்கறிக்காரரிடம் பேசுகிற இந்தி மட்டும்தான். பரிசோதனை நிலையத்தில் வரிசையில் உட்காரச் சொன்ன பெண்ணிடம், “நஹீ, அபி லேலோ! அபி!” என்றார். இப்போதே இரத்தம் எடு என்கிறார். அந்தப் பெண் மராட்டியில் ஏதோ சொல்ல, அத்தை தமிழுக்கு மாறினார். “எம் பிள்ளையத்தான் குடுத்துட்டேன், இவளையும் குடுக்கச் சொல்லுதியா?” அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனால் எழுந்து, என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் முடிவை வாங்க மறுபடி போனோம். டெங்கு இல்லை. சாதாரணக் காய்ச்சல். அத்தை அந்தத் தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்தார். திரும்பும் வழியில் ஆட்டோ சிக்னலில் நின்றபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். மகன் போனதற்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். சத்தமாக, வாய் திறந்து அழுதார். பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்க்காரர் திரும்பிப் பார்த்தார். ஆட்டோ ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டட்டுமா என்று கேட்டார்.

“வேண்டாம், போங்க” என்று இந்தியில் சொன்னேன்.

எனக்கு அழுகை வரவில்லை. அவர் பிடித்த இடத்தில் வலித்தது. கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அத்தை முகம் கழுவிக்கொண்டு மிளகு ரசம் வைத்தார். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

“உப்பு சரியா இருக்கா?” என்று கேட்டார்.

கொஞ்சம் கம்மி என்றேன். எடுத்து வந்து போட்டார்.