எட்டுக் கிலோ குறைக்க வேண்டும்

பதுளை கிளினிக்கில் இருந்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். என் முழங்கால்கள் இரண்டையும் அழுத்திப் பார்த்தார், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு என்னைத் தராசில் ஏற்றினார். "எட்டுக் கிலோ குறைச்சிட்டு வாங்கம்மா. இல்லாட்டி இந்த மூட்டு ஒரு வருசம்கூடத் தாங்காது" என்றார். வீட்டில் தினமும் ஒரு ஆளைத் தூக்க வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். "அப்ப இன்னும் சீக்கிரம் போயிரும்" என்றார்.

அந்த ஆள் என் கணவர். தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் தொழிற்சாலையில், முப்பது வருடம் வேலை பார்த்தவர். மூன்று வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறும், புத்தி மட்டும் தெளிவு. நான் பசறைக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் அவரைத் தூக்கித் தோளில் சாய்த்து, நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒன்பது படி இறக்கிக் கக்கூசுக்குக் கொண்டுபோய், திரும்ப ஏற்றி, துடைத்து, ஊட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடுவேன். மாலையில் மறுபடியும் அதே படிகள். என் முழங்கால் நின்றுவிட்டால் அவரைப் பார்க்க வேறு ஆளில்லை. ஹல்துமுல்லையில் கட்டிக்கொடுத்த மகள் ஏற்கெனவே ஒரு முதியோர் இல்லத்தை விசாரித்து வைத்திருந்தாள். "கோவப்படாதீங்கம்மா, சும்மாதான் கேட்டு வச்சேன்" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

தட்டில் பாதி காய்கறி, சோறு கொஞ்சம், பசித்தால் பழம், மாவு ரொட்டி வேண்டவே வேண்டாம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். லயத்தில் பிறந்தவளிடம் ரொட்டியை விடு என்கிறார். காலையில் ரொட்டி, இரவில் ரொட்டி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால் கையில் சுருட்டிய ரொட்டி. அதைத் தின்றால்தான் மலை ஏறி இறங்கும்வரை வயிறு கேட்காது. எங்கள் பக்கம் போஞ்சி, கோவா என்று காய்கறி விளையாமல் இல்லை. மூட்டை கட்டி லொறியில் ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து ரொட்டியும் சம்பலும் தின்பதுதான் வழக்கம்.

"தேத்தண்ணிக்கு சீனி போடுவீங்களா?" என்றும் கேட்டார். "இல்லீங்க" என்றேன். பொய் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் பால் விடாத சாயத்தண்ணிக்குள் சீனி போடுவதில்லை. ஒரு கையில் கோப்பை, மறு உள்ளங்கையில் சீனி. ஒரு நக்கு, ஒரு மடக்கு. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. அதைச் சாப்பாட்டோடு சேர்த்து யாரும் நினைப்பதில்லை. இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்தும் நானும் நினைக்கவில்லை. அவருக்கு ஒரு கைதான் என்பதால் அவருடைய கோப்பைக்குள் மட்டும் சீனி போட்டுக் கலக்கிக் கொடுப்பேன். டாக்டரம்மா சொன்னதும் அதை நிறுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பசறைச் சந்தைக்குப் போய் போஞ்சி, கரட், பூசணி, வல்லாரை, பப்பாசி என்று பை நிறைய வாங்கி வருவேன். பஸ்ஸை விட்டு இறங்கி அதைத் தூக்கிக்கொண்டு ஏறும்போதே பாதி உயிர் போய்விடும். இரண்டு விதமாகச் சமைக்க என்னால் ஆகாது. அதனால் எனக்கு என்னவோ அதுதான் அவருக்கும். முதல் நாள் தட்டைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சரம்மா, ஆட்டுக்குக் கொழ வெட்டிட்டு வந்தியா?" என்றார். நாலு வாய் வாங்குவார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வார். "போதும்." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "சின்னப் புள்ளைங்ககூட இப்பிடி அடம் புடிக்காதுங்க" என்று திட்டுவேன். மிச்சச் சோற்றையும் காயையும் கொட்ட மனம் வராமல் நானே வழித்துத் தின்பேன்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் அவரைத் தூக்கும்போது முட்டி அவ்வளவாக வலிக்கவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். "என்னங்க, இப்பல்லாம் தூக்க சுளுவா இருக்கு. எனக்கு எட குறையுது போல" என்றேன். கோணிய வாயால் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்மாரைப் பிடித்து உட்கார வைத்து, பூசணிக்காயின் பெருமையைப் பேசினேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒரு காரியம் எனக்குக் கைகூடி வந்ததாக நினைத்தேன்.

மூன்றாம் மாதம் கிளினிக்கில் நிமிர்ந்து நின்று தராசில் ஏறினேன். டாக்டரம்மா இரண்டு தடவை பார்த்தார். "அரைக் கிலோ கூடியிருக்கும்மா." என்னென்ன சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, உள்ளங்கைச் சீனியைப் பிடித்துவிட்டார். வெட்கமாகப் போய்விட்டது. பசறை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். பாதி வழியில்தான் அது உறைத்தது. எனக்குக் குறையவில்லையென்றால், அவரைத் தூக்குவது எப்படிச் சுளுவானது?

வீட்டுக்கு வந்ததும் அவர் போட்டிருந்த இரண்டு ஸ்வெட்டர்களையும் கழற்றினேன். விலா எலும்பை எண்ணிவிடலாம். தோள்பட்டை துருத்திக்கொண்டு நின்றது. நான் தினமும் துடைத்த உடம்பு. பள்ளிக்கு நேரமாகிறது என்று கை துடைத்தது, நான் பார்க்கவேயில்லை. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? ரெண்டு ரொட்டி சுட்டுத் தரமாட்டேனா?" என்று கத்தினேன்.

"புடிக்காமயில்ல" என்றார். "நீ நல்லாத்தான் சமைக்கிற."

"பின்ன ஏன் சாப்பிடல?"

வார்த்தைகளைச் சேர்க்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எட்டுக் கிலோ கொறையணும்னாங்கல்ல. ஒன்னால முடியாது, எனக்குத் தெரியும். எங்கிட்ட கொறஞ்சாலும் ஒன் முட்டிக்கு ஒண்ணுதான, டீச்சரம்மா."

அவரைப் படியிறக்கும் நேரமாகியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருடைய இடது கையை எடுத்து என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அவ்வளவு லேசான ஆளை அன்றைக்கு என்னால் தூக்க முடியவில்லை. இரண்டு பேரும் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.