கொழும்பு மூட்டை மேல் ஒரு மாப்பிள்ளை

கொழும்பிலிருந்து ஊருக்கு வந்திருந்த எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்த வாரம் பார்த்துத்தானா அந்தப் பாழாய்ப்போன ஆங்கிலப் படப் பத்திரிகை தூத்துக்குடிக்கு வந்து சேர வேண்டும்? கொழும்புக்குப் பிழைக்கப் போன நம்மவர்களின் வாழ்க்கையை ஒரு வெள்ளைக்காரர் படம் படமாகப் பிடித்துப் போட்டிருந்தார். அதில் ஒரு பக்கம் முழுக்க நான்.

கடையின் சரக்குக் கிட்டங்கியில் மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறேன். சட்டை இல்லை. கன்னத்தில் கை, கண்ணில் நீர். அன்று எனக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. வெள்ளைக்காரர் அதை என்ன கண்டார்? 'அப்படியே இரு' என்று கையைக் காட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். 'வீடு வாசலை விட்டு வந்தவனின் துயரம்' என்று கீழே இங்கிலீஷில் அச்சாகியிருந்தது. அந்தக் கோலத்தில் எதிரே வந்திருந்தால் நானே எனக்குக் காலணா போட்டிருப்பேன்.

கொழும்புக் கடையில் மூத்த சிப்பந்தி என்று நம்பிப் பெண் கொடுக்க வந்தவர் இதைப் பார்த்தால்? ரயிலடிப் புத்தகக் கடைக்கு ஓடி, இருந்த பிரதிகளையெல்லாம் வாங்கிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். ஊரையே காப்பாற்றிவிட்ட நிம்மதியில் சவரக் கடைக்குப் போனால், அங்கே பெஞ்சில் கிடக்கிறது ஒரு பிரதி!

முகத்தில் பாதி சோப்புப் போட்டிருக்கையில் என் வருங்கால மாமனார் உள்ளே வந்தார். உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி. நான் சவரக்காரரின் கையைப் பிடித்து, 'இன்னும் போடு' என்று கண்ணைக் காட்டினேன்.

"கண்ணுக்கும் சேத்து அப்பிரவா அண்ணாச்சி?" என்றார் சவரக்காரர் என் காதுக்குள்.

மாமனார் பத்திரிகையைப் புரட்டினார். நின்றார். "ஏலே, இது நம்ம மாப்பிள்ளைல்லா!"

சோப்புக்குள் நான் செத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன அண்ணாச்சி, அழுதாப்புல இருக்காரு?" என்று சவரக்காரர் எட்டிப் பார்த்தார். என்ன நல்ல மனசு!

"மூஞ்சியவா பாக்கே? கீழ பாருடே. அத்தனையும் அரிசி! ரேஷன் கடைப் புழு அரிசிக்கு நாம இங்கன கால் கடுக்க நிக்கோம். அவரு அரிசி மேலயே உக்காந்திருக்காரு!"

"அப்ப எதுக்கு அழணும்?"

"இவ்வளவு சரக்கயும் ஒத்தையில காவக் காத்தா ஒனக்கும் அழுக வரும். பொறுப்புடே, பொறுப்பு! பொண்ணு மாப்பிள்ளை போட்டோ கேட்டு நச்சரிக்கா. இதவிட என்ன வேணும்?"

பக்கத்தைக் கிழித்து மடியில் செருகிக்கொண்டு, வந்த காரியத்தையும் மறந்து போய்விட்டார். மூட்டைக்குள் இருந்தது கருவாடு. படத்துக்கு வாடை கிடையாது என்பதால் என் மானம் தப்பியது.

ஆனால் பெண் பார்ப்பாளே? அவளுக்கு வியாபாரக் கண்ணா இருக்கிறது, மூட்டையைப் பார்த்து மயங்க? அழுமூஞ்சி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. கண்ணாடி முன்னால் நின்று தைரியசாலி மாதிரி முகத்தை வைத்துப் பழகினேன். அது இன்னும் பயங்கரமாக இருந்தது.

பெண் வீட்டுப் பதிலைச் சவரக்காரர்தான் கொண்டு வந்தார். கையில் சின்னதாக ஒரு பொட்டலம்.

"படத்தப் பாத்துப் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சுதாம், அண்ணாச்சி."

"முடிஞ்சுதா?"

"கேளுங்க. 'அழுகையும் இல்ல, காவலும் இல்லப்பா. அவுகளுக்குப் பல்லுவலி. கன்னம் வீங்கியிருக்கது ஒங்க யாரு கண்ணுக்கும் தெரியலியா?'ன்னு கேட்டுட்டு, இதக் குடுத்து விட்டிருக்கு."

பிரித்தேன். கிராம்பு.

அந்தப் பல்லைக் கொழும்பிலேயே பிடுங்கிப் போட்டாயிற்று. அதை ஏன் சொல்வானேன்? பல் இருந்த பள்ளத்தில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு, உடனே நாள் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.